சுவரில் ஒரே போர்ட், அறையில் நாலு கம்ப்யூட்டர்

விடுதிகள் திறந்து எல்லோரும் பெட்டியைப் பிரித்து வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. இந்த முறை கம்ப்யூட்டர் பகுதிக்கு வந்த கேள்விகளில் நிறைய ஒரே அறையிலிருந்து எழுதியது மாதிரி இருக்கிறது. அதனால் அவற்றை மட்டும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் பார்க்கலாம்.

கேள்வி: எங்கள் அறையில் மூன்று பேர். மூன்று லேப்டாப், ஒரு டெஸ்க்டாப். சுவரில் நெட் போர்ட் ஒன்றே ஒன்று. முறை வைத்து வயரைப் பிடுங்கி மாட்டிக்கொண்டிருக்கிறோம். சுவிட்ச் போதும் என்கிறான் ஒருவன், ரவுட்டர்தான் வேண்டும் என்கிறான் இன்னொருவன். எதை வாங்குவது?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். முதலில் அந்தச் சுவர் போர்ட்டின் மறுமுனையில் உங்கள் விடுதிக்காரர்கள் என்ன விதி போட்டு வைத்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். அதைப் பொறுத்து உங்கள் நண்பர்கள் இருவரில் ஒருவர் சொல்வது சரியாக இருக்கும், அல்லது இருவர் சொல்வதும் உதவாது.

சுவிட்ச் என்பது ஒரு கிளைப் பெட்டி, அவ்வளவுதான். உங்கள் நாலு கம்ப்யூட்டரையும் அப்படியே விடுதி நெட்வொர்க்கில் கொண்டுபோய் நிறுத்திவிடும். நாலும் தனித்தனியாக ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் தன்னைத் தேடிவர ஒரு எண், கேட்டு வாங்கிக்கொள்ளும், அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் நாலு கருவி தெரியும். செட்டிங் எதுவும் கிடையாது, மாட்டினால் ஓடும்.

ரவுட்டர் வேறு ஜாதி. ஒரே கதவிலக்கத்தில் கூட்டுக்குடித்தனம் நடக்கும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே போகிற கடிதம் எல்லாவற்றிலும் அனுப்புநர் முகவரி அந்த ஒரே கதவிலக்கம்தான், பதில் வரும்போது வாசலில் உட்கார்ந்திருக்கிற பெரியவர், யார் யாருக்கு எழுதினார்கள் என்று நினைவில் வைத்திருந்து சரியான ஆளிடம் கொடுத்துவிடுவார். அந்தப் பெரியவர் செய்கிற வேலைக்கு நாட் என்று பெயர். ரவுட்டருக்குப் பின்னால் நாலு இருந்தாலும் நாற்பது இருந்தாலும் விடுதிக்குத் தெரிவது ஒரே கருவி.

ஆகவே நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: ஒரு போர்ட்டில் எத்தனை கருவி அனுமதி, கருவியின் அடையாள எண்ணான மேக் முகவரியைப் பதிவு செய்ய வேண்டுமா, சொந்த ரவுட்டர் வைக்கலாமா. பல கருவி அனுமதி என்றால் ஐந்து போர்ட் சுவிட்ச் போதும். ஒன்று சுவருக்கு, நாலு உங்களுக்கு, கணக்கு கச்சிதம். கருவி ஒன்றுதான், ஆனால் ரவுட்டருக்குத் தடையில்லை என்றால் ரவுட்டர். ரெண்டும் கூடாது என்றால் டெஸ்க்டாப்புக்கு வயர், லேப்டாப்புகளுக்கு விடுதி வைஃபை, வேறு வழியில்லை. கேட்காமலே வாங்கி மாட்டிப் பார்ப்போம் என்கிறவர்களுக்கு என்ன நடக்கும் என்பது கீழே இருக்கிற கேள்விகளிலேயே வருகிறது.

கேள்வி: ஒரு முனையை ரெண்டாகப் பிரிக்கிற சின்ன ஸ்ப்ளிட்டர் வாங்கினேன். சுவிட்சைவிட மலிவு, கரண்ட்டும் வேண்டாம். ஆனால் நான் நெட் பார்த்தால் நண்பனுக்கு வரவில்லை, அவன் பார்த்தால் எனக்கு வரவில்லை. பழுதான சரக்கா?

பதில்: சரக்கில் பழுதில்லை, அது அப்படித்தான். லேன் கேபிளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே எட்டுக் கம்பி, ரெண்டு ரெண்டாக முறுக்கி நாலு ஜோடி இருக்கும். 100 மெகாபிட் இணைப்புக்கு அதில் ரெண்டு ஜோடி போதும். மீதி ரெண்டு ஜோடி சும்மா கிடக்கிறதே, அதில் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டலாமே என்று யோசித்துச் செய்த பொருள் இது. ஆனால் இந்தப் பக்கம் பிரித்தால் அந்தப் பக்கமும் இன்னொரு ஸ்ப்ளிட்டர் வைத்துப் பிரிக்க வேண்டும், அங்கே ரெண்டு தனித்தனி போர்ட்டும் இருக்க வேண்டும். விடுதியில் அந்தப் பக்கம் பூட்டிய அறைக்குள் இருக்கும், உங்களை யார் உள்ளே விடுவார்கள்?

நீங்கள் வாங்கியது அதைவிட எளிமையான ரகமாக இருக்கலாம். அதில் ரெண்டு வாயும் உள்ளே ஒரே கம்பியில்தான் சேர்கிறது, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் என்று சின்ன எழுத்தில் போட்டுக்கூட விற்கிறார்கள். எப்படி இருந்தாலும் வயரைப் பிடுங்கி மாட்டுகிற வேலையை மிச்சப்படுத்துவதற்கு மேல் அதனால் ஒன்றும் ஆகாது. கரண்ட் வேண்டாத பெட்டி, வந்த தகவல் யாருக்கு என்று பார்த்துப் பிரிக்காது. இனி யாராவது காட்டினால் வாங்காதீர்கள்.

கேள்வி: சுவிட்ச் வாங்கி மாட்டினோம். முதல் கம்ப்யூட்டருக்கு நெட் வந்தது. ரெண்டாவதை மாட்டிய உடனே எல்லாம் போய்விட்டது. இப்போது சுவிட்சைக் கழற்றிவிட்டுப் பழையபடி ஒரே லேப்டாப்பை மாட்டினாலும் சுவர் போர்ட்டில் உயிரே இல்லை. போர்ட்டை எரித்துவிட்டோமா என்று பயமாக இருக்கிறது.

பதில்: எரிக்கவில்லை, நிம்மதியாகத் தூங்குங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற விடுதிச் சுவிட்ச் உங்கள் போர்ட்டை வேண்டுமென்றே அணைத்துவிட்டது. ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் மேக் முகவரி என்று 48 பிட்டில் ஒரு அடையாளம் உண்டு, பன்னிரண்டு எழுத்தும் எண்ணுமாக எழுதுவார்கள். ஒரு போர்ட்டில் ஒரு மேக் முகவரிதான் என்று பூட்டி வைத்திருக்கும்போது ரெண்டாவது முகவரி தலைகாட்டினால் யாரோ அத்துமீறுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு போர்ட்டையே மூடிவிடும்படி அமைக்க முடியும். சில இடங்களில் கொஞ்ச நேரம் கழித்துத் தானாகத் திறக்கும், சில இடங்களில் ஒரு ஆள் உட்கார்ந்து திறந்துவிட வேண்டும்.

நேராகப் போய், சுவிட்ச் மாட்டினோம், போர்ட் போய்விட்டது என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். எந்தப் போர்ட், எத்தனை மணி, எந்த மேக் முகவரி என்று அவர்கள் பதிவேட்டில் இருக்கும். ‘நாங்கள் ஒன்றும் செய்யவில்லை சார், தானாகப் போச்சு’ என்ற வசனத்தை அவர்கள் ஏற்கெனவே நிறையக் கேட்டிருப்பார்கள்.

கேள்வி: அறைக்கு ஒரு ரவுட்டர் வாங்கினோம். எங்களுக்கு நன்றாக ஓடுகிறது, ஆனால் அன்றிலிருந்து பக்கத்து அறைகளில் நெட் இல்லை என்று சண்டைக்கு வருகிறார்கள். எங்கள் ரவுட்டர் அவர்கள் நெட்டை எப்படிக் கெடுக்கும்?

பதில்: கெடுக்கும், சத்தியமாகக் கெடுக்கும். இதைப் படித்ததும் எனக்கு என் விடுதி நாள் ஞாபகத்துக்கு வந்துவிட்டது, ஏனென்றால் இதே குற்றவாளி நான்தான். யாரோ பழைய ரவுட்டர் ஒன்றைக் கொடுத்தார்கள். பின்னால் ஒரே நிறத்தில் நாலு போர்ட், கொஞ்சம் தள்ளி வேறு நிறத்தில் ஒன்று. சுவரிலிருந்து வந்த வயரை, கைக்கு வாகாக இருந்தது என்று அந்த நாலில் ஒன்றில் செருகினேன். என் கம்ப்யூட்டரில் நெட் வந்தது, நானும் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் மாடி முழுக்க ஒரே கூச்சல். ராத்திரி நெட்வொர்க் பார்க்கிறவர் கையில் லேப்டாப்போடு ஒவ்வொரு அறையாகக் கதவைத் தட்டிக்கொண்டு வந்தார். என் அறைக்குள் வந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார், வயரை உருவினார், வேறு நிறத்தில் இருந்த போர்ட்டில் செருகினார், போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

நடந்தது இதுதான். கம்ப்யூட்டரை நெட்வொர்க்கில் மாட்டியதும், யாராவது எனக்கு ஒரு முகவரி கொடுங்கள் என்று அது பொதுவில் குரல் கொடுக்கும். முகவரி வழங்குகிற சேவைக்கு டிஹெச்சிபி என்று பெயர். பெரும்பாலும் எந்தப் பதில் முதலில் வருகிறதோ அதையே பிடித்துக்கொள்ளும், கொடுத்தவர் யார் என்று விசாரிக்காது. உங்கள் ரவுட்டரிலும் அந்தச் சேவை இருக்கிறது, ஆனால் அது லேன் என்று போட்ட போர்ட்டுகளின் பக்கம் மட்டும்தான் பேசும். அந்தப் பக்கத்தைச் சுவரில் மாட்டினால் மாடியில் இருக்கிற எல்லோருக்கும் அது தாராளமாக முகவரி அள்ளிக் கொடுக்கும். அந்த முகவரி விடுதி நெட்வொர்க்கில் செல்லாது. பக்கத்து அறை கம்ப்யூட்டரில் ஐபி முகவரி 192.168.0 அல்லது 192.168.1 என்று தொடங்கி, உங்கள் ரவுட்டரின் முகவரியும் அப்படியே தொடங்கினால் சந்தேகமே வேண்டாம், திருடன் உங்கள் அறையில்தான். உங்கள் அறையில் மட்டும் ஓடியது ஏன் என்றால், உங்கள் கம்ப்யூட்டர் முன்பே விடுதியிடம் வாங்கிய முகவரியை இன்னும் பிடித்துக்கொண்டிருந்திருக்கலாம். அது தீர்ந்ததும் உங்களுக்கும் அதே கதிதான்.

சுவர் வயர் வேன் (WAN) அல்லது இன்டர்நெட் என்று எழுதிய போர்ட்டுக்குத்தான் போக வேண்டும். மாற்றிய பிறகும் பக்கத்து அறைக்காரர்கள் உடனே சரியாகவில்லை என்பார்கள். தப்பான முகவரியை ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பார்கள், வயரை ஒருமுறை கழற்றி மாட்டச் சொல்லுங்கள், போதும். அப்புறம், மன்னிப்பும் கேட்டுவிடுங்கள்.

ஒரு விலக்கு உண்டு. ரவுட்டரை ஆக்ஸஸ் பாயின்ட் ஆக மாற்றி, டிஹெச்சிபியையும் அணைத்துவிட்டால் லேன் போர்ட்டில் மாட்டலாம், அப்போது அது வைஃபை உள்ள சுவிட்ச் மாதிரி நடந்துகொள்ளும். அணைத்துவிட்டோம் என்று நிச்சயமாகத் தெரியாதவரை அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை அறையைச் சுத்தம் செய்து வயரையெல்லாம் ஒழுங்காகக் கட்டினோம். அதிலிருந்து நெட் இல்லை. சுவிட்சில் எல்லா விளக்கும் பேய் பிடித்த மாதிரி ஒரே சமயத்தில் மின்னுகிறது.

பதில்: தொங்கிக்கொண்டிருந்த வயர் முனை ஒன்றை யாரோ நல்ல மனதோடு காலி போர்ட்டில் செருகியிருக்கிறார்கள். அதன் மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருக்கும், கையால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். எல்லோருக்கும் போக வேண்டிய செய்தி ஒன்று உள்ளே வந்தால், அது ஒரு வாயில் வெளியே போய் இன்னொரு வாயில் உள்ளே வந்து, மறுபடி வெளியே போய், நிற்கவே நிற்காது. விளக்குகள் ஒரே தாளத்தில் மின்னுவது அதனால்தான். ஒரு முனையை எடுத்தால் சில நொடியில் அடங்கிவிடும். சுவர் போர்ட் அதற்குள் மூடப்பட்டிருந்தால் மேலே சொன்னபடி போய்ச் சொல்ல வேண்டியதுதான்.

கேள்வி: நானும் என் அறைத் தோழியும் ப்ராஜெக்ட் வீடியோக்கள் 200 ஜிபி அளவுக்குப் பரிமாறிக்கொள்ள வேண்டும். ரெண்டு பேரும் ஒரே விடுதி வைஃபையில்தான் இருக்கிறோம், ஆனால் ஒரு லேப்டாப்புக்கு இன்னொன்று தெரியவே இல்லை. பென் டிரைவில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி அலுத்துவிட்டது.

பதில்: உங்கள் லேப்டாப்பில் குறையில்லை. பொது வைஃபைகளில், சேர்ந்திருக்கிற கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி தடுத்து வைப்பது வழக்கம், பாதுகாப்புக்காக. பக்கத்துப் பக்கத்து மேஜையில் இருந்தாலும் அந்தச் சுவரைத் தாண்ட முடியாது. வைஃபை பிரின்டர் வாங்கிவிட்டு, பிரின்ட் போகவில்லை என்று முழிக்கிறவர்களின் கதையும் பெரும்பாலும் இதுதான்.

உங்களுக்கு விடுதி நெட்வொர்க்கே வேண்டாம். ஒரு சாதாரண லேன் கேபிளை எடுத்து ஒரு முனையை உங்கள் லேப்டாப்பிலும் மறுமுனையை அவர் லேப்டாப்பிலும் மாட்டுங்கள். லேன் போர்ட் இல்லாத மெல்லிய லேப்டாப் என்றால் யூஎஸ்பி-லேன் அடாப்டர் வேண்டும். கொடுக்க யாரும் இல்லாததால் ரெண்டு லேப்டாப்பும் தாமாகவே 169.254 என்று தொடங்கும் முகவரியை எடுத்துக்கொள்ளும், அதுவே போதும். நிலையாக இருக்கட்டும் என்றால் ஒன்றுக்கு 10.0.0.1, மற்றதற்கு 10.0.0.2, சப்நெட் மாஸ்க் ரெண்டுக்கும் 255.255.255.0 என்று கையால் கொடுங்கள். கேட்வே கட்டத்தைக் காலியாக விடுங்கள், அங்கே எதையாவது நிரப்பினால் வைஃபையில் வருகிற நெட் குழம்பும்.

விண்டோஸ் கோப்புப் பகிர்வு சில நேரம் பிடிவாதம் பிடிக்கும். அந்த இணைப்பைப் பப்ளிக் என்று வைத்திருந்தால் பிரைவேட் என்று மாற்றுங்கள், முக்கால்வாசிப் பேருக்குச் சிக்கல் அங்கேதான். இல்லையென்றால் லோக்கல்சென்ட் என்ற இலவசச் செயலியை ரெண்டு பக்கமும் போட்டு அனுப்பிவிடுங்கள், தலைவலி இல்லை. ரெண்டு போர்ட்டும் கிகாபிட் ஆக இருந்து உள்ளே எஸ்எஸ்டி இருந்தால் நொடிக்கு 110 மெகாபைட் வரை போகும். 200 ஜிபி அரை மணி நேர வேலை. பழைய 100 மெகாபிட் போர்ட் என்றால் ஐந்து மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். முடிந்ததும் கைமுறை முகவரியை மறுபடி தானியங்கிக்கு மாற்ற மறந்துவிடாதீர்கள், மறந்தால் அடுத்த வாரம் வேறு கேள்வியோடு எனக்கே எழுதுவீர்கள்.

கேள்வி: கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் நேராக மாட்ட கிராஸ் கேபிள்தான் வேண்டும் என்று எங்கள் சீனியர் சொல்கிறாரே?

பதில்: அவர் காலத்தில் அது சரி, அனுப்புகிற கம்பியும் வாங்குகிற கம்பியும் இடம் மாறிய கேபிள் வேண்டியிருந்தது. கிகாபிட் போர்ட்டுகள் எந்தக் கேபிள் என்று தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

கேள்வி: விடுதியில் கிகாபிட் இணைப்பு என்கிறார்கள். என் நண்பனுக்கு 400, 500 என்று வேகம் காட்டுகிறது. அதே சுவிட்சில் இருக்கும் எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் 94, 95-ஐத் தாண்டவில்லை. அவன் ஏதோ செட்டிங் செய்து என் வேகத்தைப் பிடுங்குகிறானா?

பதில்: நண்பனைச் சந்தேகப்படாதீர்கள், உங்கள் கேபிளைச் சந்தேகப்படுங்கள். யாரோ வேகத்தைப் பிடுங்கினால் எண் ஒரு நேரம் 30, ஒரு நேரம் 200 என்று ஏறி இறங்கும். எப்போதும் 94-லேயே போய் நிற்கிறது என்றால் அது 100 மெகாபிட் இணைப்பின் உச்சவரம்பு, கூடவே போகிற தலைப்புத் தகவல்களைக் கழித்தால் மிஞ்சுவது அவ்வளவுதான். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். நூறுக்குத் தேவைப்படாத நாலு கம்பியில் ஒன்று அறுந்தால் ரெண்டு பக்கமும் பேசி, சரி, நூறிலேயே ஓடுவோம் என்று பெரும்பாலும் இறங்கிவிடும். பல நேரம் எச்சரிக்கைகூட வராது.

கேபிளை எடுத்து அதன் தலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், உள்ளே எட்டு வண்ணக் கம்பி, முனையில் எட்டுப் பித்தளை நிறப் பல். ஏதாவது ஒரு கம்பி பல்லுக்கு எட்டாமல் பின்வாங்கியிருக்கும், அல்லது ஒரு பல் மட்டும் கறுத்திருக்கும். தலை நன்றாக இருந்தால் நாற்காலிச் சக்கரம் ஏறி இறங்கிய இடத்தைத் தேடுங்கள். கட்டில் காலுக்கு அடியில் நசுங்கிய கேபிளை நான் பார்த்திருக்கிறேன். இதெல்லாம் வேண்டாம் என்றால் நண்பனின் கேபிளை ஐந்து நிமிடம் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள், வழக்கு அங்கேயே முடிந்துவிடும். புதிதாக வாங்குவதானால் கேட் 5ஈ (Cat 5e) ரகக் கேபிள் போதும், 100 மீட்டர் வரை கிகாபிட் தாங்கும், உங்கள் அறைக்கு மூன்று மீட்டருக்கு மேல் தேவைப்படாது. கேபிள் மாற்றியும் 94 என்றால் உங்கள் லேப்டாப் போர்ட்டே 100 மெகாபிட்தானா என்று பாருங்கள்.

இன்னொன்று. வேகச் சோதனையில் வருவது மெகாபிட், டவுன்லோடு ஜன்னலில் வருவது மெகாபைட். எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள். 100 என்று சொல்லி 12 தான் வருகிறது என்று சண்டை போட்டவர்கள் உண்டு.

கேள்வி: எங்கள் விடுதியில் ரவுட்டர் கூடாது என்கிறார்கள். என் லேப்டாப்பின் மேக் முகவரியை ரவுட்டருக்குக் காப்பி செய்தால் கண்டுபிடிக்க முடியாதாமே?

பதில்: முகவரியைக் காப்பி செய்யும் வசதி ரவுட்டரிலேயே இருக்கிறது, பதிவு செய்த முகவரி ஒன்றுதான் என்கிற இடங்களில் அனுமதியோடு பயன்படுத்தலாம். கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் தப்பு. ஒவ்வொரு பாக்கெட்டிலும் டிடிஎல் என்று ஒரு எண் உண்டு, விண்டோஸ் அதை 128 என்று போட்டு அனுப்பும், ரவுட்டர் ஒன்றைத் தாண்டும்போது ஒன்று குறையும். சுவர் போர்ட்டில் 127 என்று வந்து நின்றால் நடுவில் ஒரு பெட்டி இருக்கிறது என்று அர்த்தம். அதுகூட வேண்டாம், உங்கள் ரவுட்டர் வைஃபையில் தன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்குமே, வராந்தாவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தாலே போதும். எந்த அறைக்குப் பக்கத்தில் சிக்னல் ஏறுகிறது என்று பார்த்துவிடலாம்.

லேப்டாப்பிலேயே இருக்கிற மொபைல் ஹாட்ஸ்பாட்டும் இதே கணக்கில்தான் வரும். விண்டோஸில் எட்டுக் கருவி வரை சேர்க்கலாம், பெட்டி வாங்க வேண்டியதில்லை, ஆனால் அதுவும் நாட்தான். லேப்டாப்பை மூடினால் எல்லோருக்கும் போய்விடும் என்பது கூடுதல் தொல்லை. விதியைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: ரவுட்டருக்கு அனுமதி கிடைத்தது. லாகின் பக்கத்தில் என் ஐடியைக் கொடுத்தேன், அறையில் எல்லோருக்கும் நெட் வந்துவிட்டது. இது நல்லதுதானே?

பதில்: வசதிதான். ஒரே ஐடியில் நாலு பேர் போகிறீர்கள், அதனால் அறையில் யார் எதை டவுன்லோடு செய்தாலும் பதிவேட்டில் இருப்பது உங்கள் பெயர். அளவு கட்டுப்பாடு இருந்தால் தீர்வதும் உங்கள் கணக்கு. அறைத் தோழர்கள் தங்கமானவர்களாகவே இருக்கட்டும், அவர்களைப் பார்க்க வருகிறவர்கள்? வைஃபை பாஸ்வேர்டைக் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டாதீர்கள். ரவுட்டரோடு வந்த அட்மின் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள், விருந்தாளிகளுக்கு கெஸ்ட் வைஃபை தனியாகக் கொடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் விடுதி முழுக்க நெரிசலாக இருக்கும், ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 மூன்றுதான். கருவி ஏற்றுக்கொண்டால் 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போய்விடுங்கள். ஒரே அறைக்குள் அது தாராளமாக எட்டும், அடுத்த அறைக்குப் போகும்போது சுவரில் தேய்ந்துவிடும், அதுவும் உங்களுக்கு லாபம்தான்.

கேள்வி: சுவிட்ச் ராத்திரி முழுக்க ஓடினால் ஆபத்தா? தொட்டால் சுடுகிறது.

பதில்: வெதுவெதுப்பு என்றால் ஒன்றுமில்லை, அது தின்பது சில வாட்தான். மேலே புத்தகத்தையும் துவைத்த துணியையும் அடுக்காதீர்கள். எனக்குப் பயம் சுவிட்சைப் பார்த்து இல்லை, நாலு சார்ஜரும் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், அந்த பாக்ஸ் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் என்று தொங்குகிற மாலையைப் பார்த்துத்தான். அதில் யாராவது தண்ணீர் சுட வைக்கிற கெட்டிலையும் செருகியிருந்தால், முதலில் அதைப் பிடுங்கிவிட்டு எனக்கு எழுதுங்கள்.